குடுவையில் விழுந்த வெள்ளை வளையம்: அயன் திரவம் ஒன்றை உலர்த்தியபோது நேர்ந்த விபத்தின் ஆய்வு

இது பயிற்சிக்கென அமைத்த நிகழ்வு. இதில் வரும் ஆய்வுகூடமும் ஆட்களும் எந்த நிறுவனத்தையும் எவரையும் குறிப்பவை அல்ல. வேதியியலும் அமுக்கக் கணக்கும் முதலுதவியும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

நடந்தது

நுவரெலியா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,300 மீற்றர் உயரத்தில் ஒரு சிறிய ஆய்வுகூடம். தோட்டங்களிலிருந்து வரும் கான் தண்ணீரில் செப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. தேயிலையில் கொப்புள நோய் இலங்கைக்குள் வந்தது 1946இல். அதற்குச் செப்பு மருந்து அடிக்கும் பழக்கமும் அப்போது தொடங்கியதுதான், ஆகவே மலையகத்தில் இந்தச் சோதனைக்கு என்றும் தேவை உண்டு.

தண்ணீரில் மிகக் குறைவாக இருக்கும் செப்பைச் செறிவாக்க ஓர் அயன் திரவத்தை, அதாவது குறைந்த சூட்டிலேயே உருகித் திரவமாக நிற்கும் ஓர் உப்பை, பாவித்தார்கள்: 1-பியூற்றைல்-3-மெதைல்இமிடசோலியம் எக்சாபுளோரோபொஸ்பேற்று. பெயர் நீளம், இனி பொஸ்பேற்றுத் திரவம் என்போம். இது தண்ணீரோடு கலக்காது. அடர்த்தி 1.37 அளவில் இருப்பதால் தண்ணீருக்கு அடியில் தங்கும். செப்பைப் பிடித்துக்கொள்ளும் டைதைசோன் என்ற சேர்மத்தைச் சேர்த்தால் செப்பு இந்த அடித்தட்டுக்குள் இறங்கிவிடும். பிறகு 0.1 மூலர் நைத்திரிக் அமிலத்தோடு குலுக்கிச் செப்பை வெளியே எடுக்கலாம். அதே திரவத்தைக் கழுவி, உலர்த்தி, மீண்டும் பாவிக்கலாம். விலை அதிகமான சாமான் என்பதால் மீட்டெடுப்பதை எல்லாரும் செய்வார்கள்.

அன்று மீட்டெடுக்க இருந்தது 60 மில்லிலீற்றர், அதாவது 82 கிராம். அமிலக் கட்டம் முடிந்ததும் 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஒரு தடவை கழுவினார்கள். செய்முறைத் தாளில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "தண்ணீரால் கழுவி, ரோட்டரியில் 70 பாகையில், மானி −0.095 காட்டும் அமுக்கத்தில் 4 மணிநேரம் உலர்த்தவும்." ரோட்டரி என்பது குடுவையைச் சுழற்றியபடி குறைந்த அமுக்கத்தில் ஆவியாக்கும் கருவி; அதன் மானி காட்டுவது மெகாபாஸ்கலில். தாள் கீழ்நாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் எழுதப்பட்டு மலைக்கு வந்தது.

மானி −0.083இல் நின்றுவிட்டது. மூட்டுகளுக்குக் கிரீஸ் பூசினார்கள், குழாயை மாற்றினார்கள், முள் அசையவில்லை. மாலை நாலரை மணி.

"பம்பு இழுக்க மாட்டேங்குது அக்கா, எங்கயோ லீக்கு."

"அப்ப எண்ணெய்த் தொட்டியில வச்சி சூட்டக் கூட்டிப் போட்டுட்டுப் போ தம்பி. அது ஆவியாகிற சாமான் இல்லயே."

ரோட்டரியில் பத்து நிமிடம்கூட ஓடாத குடுவை கழற்றப்பட்டது. 250 மில்லிலீற்றர் வட்ட அடிக் குடுவை, உள்ளே காந்தக் கலக்கி, வாயில் தளர்வாக ஒரு துண்டு அலுமினியத் தாள். எண்ணெய்த் தொட்டி 120 பாகைக்கு வைக்கப்பட்டது. புகையை வெளியே இழுக்கும் ஃபியூம் கப்போர்டின் விசிறியை வழக்கம்போல இரவுக்கு நிறுத்தினார்கள். வெளியே மழை. ஈரப்பதன் மானி 92 வீதம் காட்டியது.

காலை ஏழரைக்கு, ஏறக்குறைய 15 மணிநேரத்துக்குப் பிறகு, அந்த இளைஞர் சூட்டை நிறுத்தி, குடுவையைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினார். மெல்லிய நைத்திரைல் கையுறை; முந்தின நாள் பாவித்ததையே மறுபடி மாட்டியிருந்தார். கழுத்தின் உள்ளேயும் விளிம்பிலும் நீர்த்துளிகள் படிந்திருந்தன. விரலில் ஈரம் பட்டதுபோல இருந்தது. கையுறையைக் கழற்றி, குழாயில் கையைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். எரிச்சல் எதுவும் இல்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு வலது ஆட்காட்டி விரலின் நுனி துடிக்கத் தொடங்கியது. மாலையில் நகத்துக்கடியில் ஊசி ஏற்றுவதுபோல வலி. தோலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நுனியில் கடலைப் பருப்பு அளவில் வெளிறிய ஒரு திட்டு மட்டும்.

குடுவை சொன்னது

மறுநாள் குடுவையைக் காலியாக்கி, கழுவி, வெளிச்சத்தில் பிடித்தபோது கண்டது: திரவத்தின் மேல்மட்டம் நின்ற இடத்தில் ஒன்றரை சென்டிமீற்றர் அகலத்துக்கு ஒரு வெள்ளை வளையம். அதற்குக் கீழே, திரவம் முழுதாக மூடியிருந்த பகுதி பெரும்பாலும் தெளிவு. மேலே கழுத்தில், துளிகள் வழிந்த தடத்தில் கோடு கோடாக மங்கல். நகத்தால் தடவினால் சொரசொரப்பு. அழுக்காக இருந்தால் அசற்றோனில் போயிருக்கும். இது போகவில்லை, கண்ணாடியே அரிக்கப்பட்டிருந்தது. வாயை மூடிய அலுமினியத் தாளின் உட்பக்கம் ஒளி இழந்து, வெண்பொடி பூத்திருந்தது.

வெறும் குடுவையின் நிறை பதிவேட்டில் 112.40 கிராம். இப்போது 112.12. கண்ணாடி இழந்தது 0.28 கிராம்.

இந்த எண் முக்கியம், ஏனென்றால் இதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடலாம். சாதாரண ஆய்வுகூட வெப்பத்தில் கண்ணாடியின் சிலிக்காவை இப்படிக் கரைக்கக்கூடிய அமிலம் ஐதரோபுளோரிக் அமிலம், அதாவது தண்ணீரில் கரைந்த ஐதரசன் புளோரைட்டு, ஒன்றுதான். ஒரு மூல் சிலிக்காவுக்கு, அதாவது 60 கிராமுக்கு, நான்கு மூல் ஐதரசன் புளோரைட்டு வேண்டும், அதாவது 80 கிராம். 0.28 கிராம் போயிருக்கிறது என்றால் ஏறக்குறைய 0.37 கிராம் ஐதரசன் புளோரைட்டு கண்ணாடியோடு மட்டும் வினைபட்டிருக்கிறது. காற்றில் போனதும், திரவத்தில் தங்கியதும், விரலில் பட்டதும் இதற்குள் வராது. போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியில் சிலிக்கா ஏறக்குறைய 80 வீதம் என்பதால் இது தோராயக் கணக்கு. ஆனாலும் அளவு எந்த வரிசையில் இருக்கிறது என்பது இதில் தெரிந்துவிடுகிறது.

எஞ்சிய திரவத்தில் 2 மில்லிலீற்றரைப் பிளாஸ்ரிக் குழாயில் 5 மில்லிலீற்றர் தண்ணீரோடு குலுக்கி, மேல் தண்ணீரைத் தாளில் தொட்டால் pH 2க்கும் கீழ். அந்தத் தண்ணீரைச் சற்று நடுநிலைப்படுத்திக் கல்சியம் குளோரைட்டுக் கரைசல் விட்டதும் வெண்கலங்கல். திரவம் உடைந்து வரும் பொசுபோரிக் அமிலத்தின் பொஸ்பேற்று அயனும் இதே கலங்கலைத் தரும் என்பதால் இதை முடிவான சோதனையாக எடுக்கக் கூடாது. அரிந்த கண்ணாடி பக்கத்தில் இருக்கும்போது வேறு சாட்சி பெரிதாகத் தேவைப்படவும் இல்லை.

மானியும் மலையும்

பம்பியில் கோளாறே இல்லை. விபத்தின் ஆரம்பம் இங்கேதான். மலைநாட்டு ஆய்வுகூடங்களில் இதைப் பலரும் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரோட்டரியில் இருக்கும் முள் மானி வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டுகிறது. முழு வெற்றிடத்தையே உண்டாக்கினாலும் அந்த ஊரின் வளிமண்டல அமுக்கத்தைத் தாண்டி முள் போகாது. கொழும்பில் வளிமண்டலம் 101 கிலோபாஸ்கல் அளவில் இருப்பதால் −0.095 மெகாபாஸ்கல் எளிதாக வரும். 1,300 மீற்றரில் வளிமண்டலமே 86.6தான். அங்கே எந்தப் பம்பியாலும் முள்ளை −0.087க்கு அப்பால் கொண்டுபோக முடியாது. கண்டியின் 500 மீற்றரில் எல்லை −0.095. நுவரெலியா நகரில் −0.081. உலகத்திலேயே சிறந்த பம்பியைக் கொண்டுவந்து வைத்தாலும் நுவரெலியாவில் −0.095 கிடைக்காது.

இப்போது உண்மையான, முழு அமுக்கத்தைப் பாருங்கள். கடல் மட்டத்தில் −0.095 என்றால் உள்ளே மீதி 6.3 கிலோபாஸ்கல், அதில் தண்ணீர் கொதிப்பது 37 பாகையில். இந்த ஆய்வுகூடத்தில் −0.083 என்றால் மீதி 3.6 கிலோபாஸ்கல், தண்ணீர் கொதிப்பது 27 பாகையில். தாள் கேட்டதைவிட நல்ல வெற்றிடம் ஏற்கெனவே கையில் இருந்தது. 70 பாகையில் நாலு மணிநேரம் அப்படியே ஓடவிட்டிருந்தால் பெரும்பகுதித் தண்ணீர் போயிருக்கும், சூடும் குறைவாக இருந்திருக்கும், இந்த ஆய்வுக்கு வேலையே இருந்திருக்காது.

செய்முறைத் தாளில் மானி எண்ணை எழுதுவதே தவறு. முழு அமுக்கத்தை எழுத வேண்டும். முழு அமுக்கம் காட்டும் இலக்கமானி இல்லாத இடத்தில், அந்த ஊரின் எல்லை எண்ணை ஒரு ஸ்ரிக்கரில் எழுதி மானியின் முகத்திலேயே ஒட்டிவிடலாம்.

தண்ணீர், அமிலம், சூடு

பொஸ்பேற்றுத் திரவத்தின் அனயனில், அதாவது எதிரேற்ற அயனில், ஒரு பொசுபரசைச் சுற்றி ஆறு புளோரின். நடுநிலையில், அறை வெப்பத்தில் தண்ணீரோடு இருந்தாலும் அது அசையாது. அதனால்தான் "தண்ணீருக்கு உறுதியானது" என்ற பெயர் வாங்கியது. அமிலமும் சூடும் சேர்ந்தால் கதை மாறுகிறது. ஒரு தண்ணீர் மூலக்கூறு அனயனைத் தாக்கினால் பொசுபோரைல் புளோரைட்டு வாயுவும், இரண்டு ஐதரசன் புளோரைட்டும், ஒரு புளோரைட்டு அயனும் வரும். பொசுபோரைல் புளோரைட்டு மேலும் மூன்று தண்ணீரை எடுத்துப் பொசுபோரிக் அமிலமாகவும் இன்னும் மூன்று ஐதரசன் புளோரைட்டாகவும் உடையும். இதில் புதுமை ஒன்றும் இல்லை. இதே திரவம் நீர்ப்பகுப்படைந்து ஐதரசன் புளோரைட்டைத் தரும் என்று 2003இலேயே ரொபின் ரொஜர்ஸின் குழு எழுதிவிட்டது. லித்தியம் பற்றரியின் மின்பகுபொருளில் பாவிப்பதும் இதே அனயன்தான். ஈரம் புகுந்த பற்றரி ஆபத்தாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் மூன்று தேவையும் ஒன்றாகக் கிடைத்தன. தண்ணீர்: இந்தத் திரவம் தண்ணீரோடு கலக்காது என்பது மேலோட்டமான பேச்சு. தண்ணீரோடு குலுக்கினால் எடையில் ஏறக்குறைய 2 வீதம் தண்ணீரை உள்ளே வாங்கும். 82 கிராமில் 1.6 கிராம். அதில் உள்ள ஒவ்வொரு மூலும் இரண்டு மூல் ஐதரசன் புளோரைட்டைக் கொடுத்தால்கூட 3.5 கிராம் வரை வரலாம். அமிலம்: ஒரே கழுவலில் நைத்திரிக் அமிலம் முழுதாகப் போகாது. வழக்கமாக மூன்று, நான்கு கழுவல் ஆனபின்தான் கழுவிய தண்ணீர் நடுநிலைக்கு வரும். இங்கே யாரும் pH தாளை நனைத்துப் பார்க்கவில்லை. சூடு: 120 பாகை, 15 மணிநேரம்.

120 பாகையில் தண்ணீர் முதல் மணிநேரத்திலேயே ஓடிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. பெரும்பகுதி ஓடும். ஆனால் திரவம் பிசுக்குமை மிகுந்தது. தண்ணீர் மெல்லத்தான் வெளியேறும். தாள் மூடிய வாயும் குளிர்ந்த கழுத்தும் ஆவியைத் திரும்ப இறக்கின. மழைநாள் காற்று புதிதாக ஈரம் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடியே தண்ணீர் கொடுத்தது: நான்கு ஐதரசன் புளோரைட்டு ஒரு சிலிக்காவைக் கரைக்கும்போது இரண்டு தண்ணீர் திரும்ப வருகிறது. அந்த இரண்டும் அனயனைத் தாக்கினால் மறுபடி நான்கு ஐதரசன் புளோரைட்டு. செலவாவது கண்ணாடியும் அனயனும் மட்டுமே. வளையம் திரவ மட்டத்தில் மிக ஆழமாக இருந்ததன் காரணமும் இதுவே: அங்கேதான் ஈரக்காற்றும் திரவமும் கண்ணாடியும் ஒரே கோட்டில் சந்திக்கின்றன.

ஐதரசன் புளோரைட்டின் கொதிநிலை 19.5 பாகை. மலைநாட்டு அதிகாலையில் கூடத்தின் உள்ளே 15 பாகை. விசிறி ஓடவில்லை. ஆவி வெளியே போகாமல் குடுவையின் கழுத்திலேயே தண்ணீரோடு சேர்ந்து துளியாக நின்றது. இளைஞர் கைவைத்த இடம் அதுதான்.

விரல்

ஐதரோபுளோரிக் அமிலம் மற்ற அமிலங்களைப்போல நடந்துகொள்வதில்லை. 50 வீதத்துக்கு மேல் செறிவாக இருந்தால் உடனே எரியும். 20 வீதத்துக்குக் கீழ் இருந்தால் வலி வர 24 மணிநேரம்கூட ஆகலாம். அதற்குள் புளோரைட்டு தோலைத் தாண்டி உள்ளே போய், திசுவில் உள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி, வெளிறிய திட்டு, நகத்துக்கடியில் துடிப்பு: இந்த மூன்றும் சேர்ந்தால் வேறு எதையும் யோசிக்கக் கூடாது. அதிகப் பரப்பில் பட்டால் இரத்தத்தில் கல்சியம் இறங்கி இதயத் துடிப்பே குழம்பிவிடும்.

வைத்தியசாலையில் முதல் இரண்டு மணிநேரம் சாதாரண இரசாயனக் காயமாகப் பார்க்கப்பட்டது. வைத்தியரைக் குறை சொல்ல முடியாது. கொண்டுபோன போத்தல் லேபிளில் அமிலம் என்ற சொல்லே இல்லை. தோலையும் கண்ணையும் உறுத்தும் என்ற ஆச்சரியக்குறிப் படம் மட்டும். பாதுகாப்புத் தரவுத் தாளின் 16 பிரிவுகளில் 10ஆவது பிரிவைத் திறந்தால்தான் சிதைவில் ஐதரசன் புளோரைட்டு வரும் என்ற வரி கிடைக்கும். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் ஓடிப்போன பிறகு சிகிச்சை மாறியது. கல்சியம் குளுக்கோனேற்று ஜெல் பூசிய இருபதாவது நிமிடத்தில் வலி தணியத் தொடங்கியது. நகத்தை எடுக்க வேண்டி வரவில்லை.

முதலுதவியில் செய்ய வேண்டியது இது. கையுறை, மோதிரம், நனைந்த உடுப்பு எல்லாவற்றையும் அகற்றி, ஓடும் தண்ணீரில் 5 நிமிடம் கழுவுங்கள். ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதற்கு மேல் தண்ணீரில் நேரம் கடத்த வேண்டாம். இல்லையென்றால் ஜெல் கிடைக்கும்வரை கழுவிக்கொண்டே இருங்கள். 2.5 வீதக் கல்சியம் குளுக்கோனேற்று ஜெல்லைத் தாராளமாகப் பூசி, தேய்த்து, 10–15 நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகப் பூசுங்கள். பூசுகிறவரும் கையுறை போட்டிருக்க வேண்டும். விரல் என்றால் சுத்தமான கையுறைக்குள் ஜெல்லை நிரப்பி அதற்குள் கையை விடலாம். மரத்துப்போக ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள். சிகிச்சை பலிக்கிறதா என்று சொல்வது வலி ஒன்றுதான். கண்ணில் பட்டால் ஜெல் கூடாது. குறைந்தது 15 நிமிடம் தண்ணீர், பிறகு 1990 அம்புலன்ஸ்.

கடையில் ஜெல் கிடைக்கவில்லை என்பது மலையகத்தில் அடிக்கடி கேட்கும் பதில். வைத்தியசாலை எதிலும் இருக்கும் 10 வீதக் கல்சியம் குளுக்கோனேற்று அம்பியூல் ஒன்றின் 10 மில்லிலீற்றரை, நீரில் கரையும் வழுக்கு ஜெல் 30 மில்லிலீற்றரோடு கலந்தால் 2.5 வீதம் வந்துவிடும். அவசரத்துக்கு அப்போதைக்கப்போது கலப்பதுதான் இது. கூடத்தில் வைக்கத் திகதி போட்ட தயாரிப்பு ஜெல்லையே வாங்க வேண்டும். காலாவதித் திகதியை ஆறு மாதத்துக்கொருமுறை பார்க்க வேண்டும்.

ஜெல்லோடு சேர்த்துத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஓர் அட்டை: "ஐதரோபுளோரிக் அமிலம் பட்டிருக்கலாம். கல்சியம் குளுக்கோனேற்று தேவை. ஈசிஜி எடுக்கவும். இரத்தத்தில் கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் பார்க்கவும்." நோயாளியோடு போக வேண்டியது போத்தல் அல்ல, இந்த அட்டை.

ஆவியாகாது என்ற ஆறுதல்

"ஆவியாகிற சாமான் இல்லயே" என்று அந்த அக்கா சொன்னது பொய்யல்ல. அறை வெப்பத்தில் இந்தத் திரவத்தின் ஆவியமுக்கம் அளக்க முடியாத அளவு சிறியது. 1914இல் போல் வால்டன் 12 பாகையில் உருகும் ஓர் உப்பை விவரித்த நாளிலிருந்து, 1992இல் வில்க்ஸும் சவொரொட்கோவும் காற்றுக்கும் ஈரத்துக்கும் தாங்கும் இமிடசோலியத் திரவங்களைக் கொடுத்த காலம் தாண்டியும், இந்தக் குடும்பத்தின் பெரிய கவர்ச்சி அதுதான். மணக்காது, தீப்பற்றும் ஆவி கிளம்பாது, ஆகவே "பச்சைக் கரைப்பான்" என்று பெயர். அசற்றோனும் ஈதரும் பாவித்துப் பழகிய கைக்கு ஆபத்து என்றால் மூக்கு வழியாக வருவது. மூக்குக்கு எட்டாததை மறந்துவிடுகிறது.

திரவம் ஆவியாகாது, திரவம் உடைந்து வருவது ஆவியாகும். இரண்டும் வேறு. "350 பாகை வரை தாங்கும்" என்ற எண்ணும் இதே வகையில் ஏமாற்றும். அது உலர்ந்த சில மில்லிகிராமை நைதரசன் ஓட்டத்தில், நிமிடத்துக்கு 10 பாகை வேகத்தில் சூடாக்கி எடுப்பது. ஈரமான 82 கிராமை ஓர் இரவு முழுக்கக் கண்ணாடியில் வைப்பதைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை.

அயன் திரவம் என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, 100 பாகைக்குக் கீழ் உருகும் உப்புகளுக்கெல்லாம் பொதுப்பெயர். ஆபத்தைச் சொல்வது பெரும்பாலும் அனயன். நாலுபுளோரோபோரேற்று இருந்தால் பொஸ்பேற்றைவிட எளிதாகவே தண்ணீரில் உடையும். குளோரோஅலுமினேற்று தண்ணீரைக் கண்டதும் ஐதரசன் குளோரைட்டுப் புகை விடும். டைசயனமைட்டுத் திரவங்களில் சில செறிந்த நைத்திரிக் அமிலத்தோடு பட்டவுடனே தீப்பற்றும். ஒரே அலுமாரியில் வைக்கவே கூடாது. தேயிலைத் தூசிலிருந்து செலுலோசு எடுக்க விரும்புகிறவர்கள் நாடும் பியூற்றைல் மெதைல்இமிடசோலியம் குளோரைட்டில் புளோரின் இல்லை, ஆனால் விழுங்கினால் நஞ்சு. கற்றயனின், அதாவது நேரேற்ற அயனின், பக்கச் சங்கிலி நீள நீள நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு கூடும். அனயனைப் படிக்காமல் போத்தலைத் திறக்காதே என்பதைத்தான் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மாற்றிய முறை

முதல் கேள்வி: பொஸ்பேற்று வேண்டுமா? தண்ணீரோடு கலக்காத தன்மைதான் தேவை என்றால், பிஸ்(முப்புளோரோமெதைல்சல்பொனைல்)இமைட்டு அனயன் உள்ள திரவம் நீர்ப்பகுப்புக்கு நன்றாகத் தாங்கும். விலை கூட. சூழலில் அழியாமல் தங்கும் புளோரின் சேர்மங்களின் பட்டியலில் அதுவும் வரும். எனவே இழப்பில்லாமல் மீட்டெடுக்கத் தெரிந்த கூடத்துக்கே அது பொருந்தும். இந்தக் கூடம் பொஸ்பேற்றையே வைத்துக்கொண்டு முறையை மாற்றியது. அமிலம் தொடும் வேலைக்கு அதைப் பாவிப்பது சரியான தெரிவு அல்ல என்பதே எங்கள் கருத்து.

கழுவல்: ஒரே 100 மில்லிலீற்றருக்குப் பதில் 30 மில்லிலீற்றராக ஐந்து தடவை. மொத்தத் தண்ணீர் ஒன்றரை மடங்குதான், ஆனால் அமிலம் பல மடங்கு குறையும். ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் குலுக்கி, தட்டுகள் பிரியப் பத்து நிமிடம் விட வேண்டும். 25 பாகையில் இந்தத் திரவத்தின் பிசுக்குமை தண்ணீரைப்போல முந்நூறு மடங்கு. 15 பாகையில் இன்னும் கூடும். அவசரப்பட்டால் அமிலத் துளிகள் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். நுவரெலியாவின் தை மாதக் காலையில் போத்தலோடு உறைந்து நிற்பதும் உண்டு, ஏனென்றால் உருகுநிலை 10 பாகையை ஒட்டியது. அப்போது 30 பாகைத் தண்ணீரில் போத்தலை வைத்தால் போதும், கேத்தல் தண்ணீர் தேவையில்லை. கடைசிக் கழுவல் தண்ணீர், கழுவப் பாவித்த தண்ணீரின் அதே pH காட்டினால்தான் அடுத்த படி.

உலர்த்தல்: வாய் அகன்ற பொலிபுரப்பிலீன் போத்தலில், வெற்றிட அடுப்பில், 60 பாகைக்கு மேல் போகாமல். கண்ணாடி வேண்டாம். இரண்டு மணிநேரத்துக்கொருமுறை நிறுத்தி, ஆறவிட்டு, நிறுத்துப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு நிறைகளுக்கிடையே 10 மில்லிகிராமுக்கும் குறைவாக மாறினால் உலர்ந்தது. கார்ல் பிஷர் கருவி இருந்தால் தண்ணீரை நேரடியாகவே அளக்கலாம். ஆளில்லாத இரவில் சூடாக்குவது முற்றாக நிறுத்தப்பட்டது. சூடு ஓடும்வரை விசிறியும் ஓட வேண்டும். இரண்டும் இப்போது ஒரே சுவிச்சில்.

திறக்குமுன் ஈரமான pH தாளைப் போத்தல் வாய்க்கு மேலே பிடித்துப் பார்ப்பது ஐந்து வினாடி வேலை. சிவந்தால் மூடிவிட்டு ஃபியூம் கப்போர்டுக்குள் தள்ள வேண்டும்.

மெல்லிய நைத்திரைல் உறை தெறிப்புக்கு மட்டுமே. இரண்டு உறைகள், மேல் உறை நியோபிரீன், மணிக்கட்டு மூடும் நீளம். நைத்திரைலை மறுநாளைக்கு வைத்துப் பாவிப்பது இந்த விபத்தில் நேரடிக் காரணம்: பிறகு அந்த உறையில் தண்ணீர் நிரப்பிப் பிதுக்கியபோது ஆட்காட்டி விரலின் நுனியில் ஊசித்துளை ஒன்றிலிருந்து நீர் பீச்சியது.

லேபிள்: திறந்த திகதி, எத்தனையாவது மீட்டெடுப்பு, கடைசிக் கழுவலின் pH, அதோடு சிவப்பில் ஒரு வரி: "ஈரமாகச் சூடாக்கினால் ஐதரசன் புளோரைட்டு." போத்தலை உலர்த்திப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சிலிக்கா ஜெல் சில நாளிலேயே நிறம் மாறிவிடும். திங்கட்கிழமைதோறும் பார்ப்பது நல்லது.

சிந்தினால், கழித்தால்

புதுத் திரவம் சிந்தினால் பெரிய பயம் வழுக்கல்தான். தரையில் நெய்போலப் படரும், உலராது, மிதித்தவர் விழுவார். துணியால் துடைத்துப் பையில் கட்டலாம். நீர்ப்பகுப்பு நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மணல் போடக் கூடாது, மணலும் சிலிக்காதானே. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் குழம்பாக்கி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போட்டு, அரை மணிநேரம் விட்டு, பிளாஸ்ரிக் கரண்டியால் அள்ள வேண்டும். தோட்டத்து ஸ்டோரில் மூட்டை மூட்டையாக டொலமைட் கிடக்கிறதே என்று கேட்பார்கள். வேலை செய்யும், ஆனால் மெதுவாக. சுண்ணாம்பு ஒரு கிலோ வாங்கி வைப்பது கஷ்டமான காரியமல்ல.

கழுவிய தண்ணீரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்பது விசாரணையில் தெரிந்த இரண்டாவது தவறு. தண்ணீர் திரவத்துக்குள் போவதுபோலத் திரவமும் தண்ணீருக்குள் போகும்: ஒரு லீற்றரில் ஏறக்குறைய 19 கிராம். ஒவ்வொரு 100 மில்லிலீற்றர் கழுவலும் 1.9 கிராமை எடுத்துக்கொண்டு தொட்டியில் இறங்கியது. அந்தத் தொட்டியின் குழாய் மலைச்சரிவில் கானுக்கு, கான் ஓயாவுக்கு. மேற்கு மலைச்சரிவில் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து களனியாகின்றன. கொழும்பு குடிக்கும் தண்ணீர் அது. மறுபக்கத்தில் கொத்மலை ஓயா மகாவலிக்குப் போகிறது. ஆவியாகாத பொருள் தண்ணீரில் விழுந்தால் காற்றில் போய்த் தொலைவதில்லை, தண்ணீரிலேயே நிற்கும். வட இங்கிலாந்தில் குப்பைமேடு ஒன்றின் அருகே மண்ணில் ஒக்டைல் மெதைல்இமிடசோலியம் இருந்ததை நியூகாசில் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். கான் தண்ணீரில் செப்பு எவ்வளவு என்று பார்க்கும் கூடமே அதே கானுக்கு இமிடசோலியம் அனுப்பிக்கொண்டிருந்தது.

இப்போது கழுவல் தண்ணீர் 5 லீற்றர் பொலிஎதிலீன் கலனுக்குப் போகிறது. கழிவுக் கலன் எதுவும் கண்ணாடியாகவோ உலோகமாகவோ இருக்கக் கூடாது. மூடி காற்று விடும் வகையாக இருக்க வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அமிலம் காட்டினால் சுண்ணாம்புக் குழம்பால் pH 8 வரை கொண்டுவந்து, படியும் கல்சியம் புளோரைட்டோடு சேர்த்தே மூட வேண்டும். கலன் மேல் "புளோரின் உண்டு" என்று எழுதாமல் அனுப்பினால் எரிக்கும் இடத்தில் அவர்களுக்குச் சிக்கல். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி இத்தகைய கழிவைக் கொண்டுபோகவும் கழிக்கவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப் பத்திரம் உள்ளவரிடமே ஒப்படைக்க வேண்டும். சிறிய கூடத்துக்கு ஐந்து லீற்றருக்காக லொறி வராது. பக்கத்தில் உள்ள கூடங்களோடு சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை அனுப்புவதே நடக்கக்கூடிய வழி. அதுவரை கலன் பூட்டிய அலுமாரியில், கீழ்த்தட்டில், பிளாஸ்ரிக் தட்டத்துக்குள்.

வளையம் விழுந்த குடுவையை மறுபடி சூட்டுக்கோ வெற்றிடத்துக்கோ பாவிக்க முடியாது. அரிந்த கண்ணாடி அமுக்க வேறுபாட்டில் உள்நோக்கி உடையும். மானியில் −0.087 என்ற ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே அலுமாரித் தட்டில் குடுவை கழுத்தில் கயிறு கட்டி, "பாவிக்க வேண்டாம்" என்ற சீட்டோடு நிற்கிறது.